கி.மு.வின் கடைசிப் பத்து ஆண்டுகள்: யாரும் அறியாத எல்லைக்கோடும் வாரிசு தேடிய அரசுகளும்

ஒவ்வொரு டிசம்பரிலும் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. இயேசு கிறிஸ்து கி.மு. 4க்குச் சற்று முன்பு பிறந்திருக்க வேண்டும் என்று வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. கிறிஸ்துவுக்கு முன்பே கிறிஸ்து பிறந்தார் என்றால் அதற்கு என்ன பொருள்? இந்தக் கேள்வியில் இரண்டு வேறு செய்திகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, ஆண்டுகளை எண்ணும் முறை எப்போது, யாரால், எதற்காக உருவானது என்பது. மற்றொன்று, அந்த ஆண்டுகளில் உலகில் உண்மையிலேயே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் குழப்பம் நீங்கும்.

கி.மு. 10 முதல் கி.மு. 1 வரை வாழ்ந்த எவருக்கும் ஒரு யுகம் முடிந்து இன்னொன்று தொடங்கப்போகிறது என்ற எண்ணம் இருந்ததில்லை. அன்றைய அரண்மனைகளை வாட்டிய கேள்வி வேறு: ‘இவருக்குப் பின் யார்?’ ரோம், யூதேயா, பார்த்தியா, சீனத்தின் ஹான் பேரரசு ஆகிய நான்கும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் இந்தக் கேள்வியில் சிக்கிக்கொண்டன. அடுத்த நூற்றாண்டின் அரசியல் பெரிதும் அந்தச் சிக்கலிலிருந்தே பிறந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கோடு போடப்பட்டது ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்

‘கி.மு.’ என்பது கிறிஸ்துவுக்கு முன், ‘கி.பி.’ என்பது கிறிஸ்துவுக்குப் பின். ‘பொ.ஆ.மு.’, ‘பொ.ஆ.’ என்பவை பொது ஆண்டு முறையில் அதே ஆண்டுகளைக் குறிக்கும் சொற்கள். எண்ணில் எந்த மாற்றமும் இல்லை, கி.மு. 7 என்பதும் பொ.ஆ.மு. 7 என்பதும் ஒரே ஆண்டுதான்.

இந்த எண்ணுமுறையை வகுத்தவர் ரோமில் வாழ்ந்த டயோனீசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி. கி.பி. 525ஆம் ஆண்டில் ஈஸ்டர் நாளைக் கணிக்கும் அட்டவணையை அவர் நீட்டி எழுத வேண்டியிருந்தது. அதுவரை இருந்த அட்டவணைகள் டயோக்ளீசியன் என்ற ரோமப் பேரரசர் பதவியேற்றதிலிருந்து ஆண்டுகளை எண்ணின. கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய ஒருவரின் பெயரால் ஆண்டுகளை எண்ண மனமில்லாமல், கிறிஸ்துவின் பிறப்பிலிருந்து எண்ணத் தொடங்கினார். பிறந்த ஆண்டை எப்படிக் கணக்கிட்டார் என்று அவர் விளக்கி எழுதவில்லை. எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பீட் என்ற துறவி தம் வரலாற்று நூலில் இம்முறையைப் பின்பற்றிய பிறகே அது ஐரோப்பாவில் வேரூன்றியது.

ஆகவே, கி.மு. 1 என்று நாம் சொல்லும் ஆண்டை அன்றைய ரோமர்கள் அந்த ஆண்டின் இரு கான்சல்களின், அதாவது ஆண்டுதோறும் பதவியேற்ற தலைமை ஆட்சியர்களின், பெயரால் அறிந்திருந்தார்கள். நகரம் தோன்றியதிலிருந்து எண்ணினால் அது 753ஆம் ஆண்டு. சீனத்தில் அது யுவான்ஷோ ஆட்சிப் பெயரின் இரண்டாம் ஆண்டு. பாபிலோனிலும் சிரியாவிலும் செலூக்கிய ஆண்டுக்கணக்கு வழக்கில் இருந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கணக்கு. எல்லாருக்கும் பொதுவான கணக்கு எதுவும் இல்லை.

இந்தக் கோட்டைக் கடந்து கணக்கிடும்போது பலர் தவறுவதால் விதிகளைத் தெளிவாகச் சொல்லிவிடலாம்.

1. பூச்சிய ஆண்டு கிடையாது. கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1. டயோனீசியஸின் கணக்கில் ஆண்டுகளை எண்ணப் பூச்சியம் என்ற எண் பயன்படவில்லை.

2. காலம் செல்லச் செல்ல கி.மு. ஆண்டுகளின் எண் குறைந்துகொண்டே வரும். கி.மு. 9 முதலில், கி.மு. 2 அதற்குப் பின்னர்.

3. இரு பக்கங்களுக்கும் இடைப்பட்ட காலத்தைக் காண இரண்டு எண்களையும் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 63 செப்டம்பர் 23இல் பிறந்து, கி.பி. 14 ஆகஸ்ட் 19இல் இறந்தார். 63ஐயும் 14ஐயும் கூட்டினால் 77. ஒன்றைக் கழித்தால் 76. அந்த ஆண்டின் பிறந்தநாள் வருவதற்குள் இறந்துவிட்டதால் அவருடைய வயது 75.

4. வானியலாளர்கள் மட்டும் கணக்கு எளிதாவதற்காகக் கி.மு. 1ஐப் பூச்சியம் என்றும், கி.மு. 2ஐக் கழித்தல் 1 என்றும் எழுதுகிறார்கள். கிரகண அட்டவணைகளைப் படிப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

நாட்காட்டியே தவறிக்கொண்டிருந்த பத்தாண்டு

நாம் இன்று பயன்படுத்தும் நாட்காட்டியின் அடிப்படை கி.மு. 45இல் ஜூலியஸ் சீசர் கொண்டுவந்தது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மிகைநாள் சேர்க்க வேண்டும் என்பது விதி. மறு ஆண்டே சீசர் கொல்லப்பட்டார். நாட்காட்டியைக் காத்துவந்த பூசாரிகளோ மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மிகைநாளைச் சேர்த்துவந்தார்கள்.

இது அறியாமையால் நேர்ந்ததல்ல, எண்ணும் பழக்கத்தால் நேர்ந்தது. ரோமர்கள் தொடங்கும் இடத்தையும் சேர்த்தே எண்ணுவார்கள். இறந்த நாளையே முதல் நாளாகக் கொண்டு பதினாறாம் நாளைக் குறிக்கும் வீடுகள் நம்மிடமும் உண்டு, அதே வழக்கம்தான். அப்படி எண்ணினால், மிகைநாள் வந்த ஆண்டு ஒன்று, அடுத்தவை இரண்டு, மூன்று, அதற்கடுத்தது ‘நான்காவது’. உண்மையில் கடந்தவை மூன்று ஆண்டுகளே. முப்பத்தாறு ஆண்டுகளில் ஒன்பது மிகைநாட்கள் வந்திருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு வந்துவிட்டன.

கி.மு. 12இல் ரோமின் தலைமைப் பூசாரிப் பதவியை ஏற்ற அகஸ்டஸ், கி.மு. 8ஐ ஒட்டி இதைத் திருத்தினார். கூடுதலாகச் சேர்ந்த மூன்று நாட்களும் கழியும்வரை சில ஆண்டுகளுக்கு மிகைநாளே சேர்க்கப்படவில்லை. செக்ஸ்டைலிஸ் என்ற மாதம் ஆகஸ்ட் என்று பெயர் பெற்றதும் அதே கி.மு. 8இல்தான். நாம் தினமும் உச்சரிக்கும் ஒரு மாதப் பெயர் இந்தப் பத்தாண்டில் பிறந்தது.

இதற்கு ஓர் ஆண்டு முன்பு, இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியான ஆசியா மாகாணத்து நகரங்கள் அகஸ்டஸின் பிறந்தநாளையே தங்கள் ஆண்டின் முதல் நாளாக ஏற்றன. பிரியேனி என்ற ஊரில் கிடைத்த கிரேக்கக் கல்வெட்டு இந்த முடிவைப் பதிவு செய்கிறது. அகஸ்டஸின் பிறப்பு உலகத்துக்கு நற்செய்திகளின் தொடக்கமாக அமைந்தது என்று அது சொல்கிறது. அங்கே வரும் ‘யுவாங்கெலியா’ என்ற சொல்தான் பிற்காலத்தில் ஒருமையில் ‘சுவிசேஷம்’ என்று தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட சொல். ஒரு மனிதரின் பிறப்பிலிருந்து காலத்தைத் தொடங்குவது என்ற எண்ணம் கி.மு. 9இலேயே இருந்தது, அந்த மனிதர் ரோமப் பேரரசராக இருந்தார்.

ரோம்: சட்டத்தில் இல்லாத பதவிக்கு வாரிசு

அகஸ்டஸின் சிக்கலைப் புரிந்துகொள்ள அவருடைய பதவியின் தன்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். ரோமர்களுக்கு மன்னர் என்ற சொல்லே கசப்பு. அதனால் அவர் மன்னர் பட்டம் சூட்டிக்கொள்ளவில்லை. குடியரசின் பழைய பதவிகளுக்குரிய அதிகாரங்களை ஒவ்வொன்றாகத் தம்மிடம் சேர்த்துக்கொண்டு, ‘முதல் குடிமகன்’ என்ற நிலையில் ஆண்டார். பெயரளவில் குடியரசு, நடைமுறையில் ஒருவர் ஆட்சி. இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது: இல்லாத சிம்மாசனத்துக்குச் சட்டப்படி வாரிசை அறிவிக்க முடியாது. படையும் செனட்டும் மக்களும் ஏற்கும் ஒருவரைக் குடும்பத்துக்குள்ளேயே மெல்ல மெல்ல வளர்த்தெடுப்பதுதான் ஒரே வழி.

அவருக்கு மகன் இல்லை. ஜூலியா என்ற ஒரே மகள். அந்த மகளின் வாழ்க்கை முழுவதும் தந்தையின் வாரிசுத் திட்டத்துக்கே செலவானது. முதல் கணவர் மார்செல்லஸ் கி.மு. 23இல் இறந்தார். அடுத்த கணவர் அக்ரிப்பா, அகஸ்டஸின் தலைசிறந்த தளபதி. ஜூலியாவுக்கும் அவருக்கும் ஐந்து குழந்தைகள். அவர்களில் காயுஸ், லூசியஸ் என்ற இரு பேரன்களையும் கி.மு. 17இல் அகஸ்டஸ் தம் மகன்களாகவே தத்தெடுத்துக்கொண்டார். கி.மு. 12இல் அக்ரிப்பா இறந்ததும் ஜூலியாவை மணக்கும்படி அகஸ்டஸ் தம் மனைவியின் மகன் திபேரியஸை வற்புறுத்தினார். திபேரியஸ் தாம் விரும்பிய மனைவியை விலக்கிவிட்டு மணந்தார். அந்த மணம் கசந்தது. பேரன்கள் வளரும்வரை தாம் வெறும் காவலாளி என்பதை உணர்ந்த அவர், கி.மு. 6இல் பொதுவாழ்வை விட்டு ரோட்ஸ் தீவுக்குப் போய்விட்டார். அவருடைய தம்பி துரூசஸ் எல்பே ஆறுவரை ஜெர்மானியாவுக்குள் படை நடத்திச் சென்று, கி.மு. 9இல் குதிரையிலிருந்து விழுந்த காயத்தால் இறந்திருந்தார்.

கி.மு. 2 இந்தக் கதையின் உச்சம். பிப்ரவரி 5 அன்று செனட் அகஸ்டஸுக்கு ‘நாட்டின் தந்தை’ என்ற பட்டம் அளித்தது. அவர் பெயர் தாங்கிய புதிய மன்றமும், பழிதீர்க்கும் மார்ஸ் கடவுளின் கோயிலும் திறக்கப்பட்டன. அதே ஆண்டில் ஜூலியா பிற ஆடவர்களோடு தொடர்பு வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, பாண்டதேரியா என்ற சிறு தீவுக்கு அனுப்பப்பட்டார். மது கூடாது, அனுமதியின்றி எந்த ஆணும் அணுகக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் அகஸ்டஸின் பழைய எதிரி மார்க் ஆண்டனியின் மகன். ஆகவே ஒழுக்கக் குற்றச்சாட்டுக்குப் பின்னால் அரசியல் சதி ஒன்றும் இருந்தது என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. வாரிசுகளின் தாயை வெறும் வீட்டு ஒழுக்கத்துக்காக நாடறியத் தண்டிப்பது, திட்டம் முழுவதையும் ஆபத்தில் தள்ளும் செயல்.

யூதேயா: ஏரோதும் குடிமதிப்பும்

ரோமின் ஆதரவில் கி.மு. 37 முதல் எருசலேமில் ஆண்டவர் ஏரோது. செசரியா துறைமுகத்தைக் கட்டியவர். எருசலேம் ஆலயத்தைப் பெரிதாக்கியவர். அவருக்கு வாரிசுப் பஞ்சம் இல்லை. பல மனைவியர், பல மகன்கள். எல்லாரையும் சந்தேகித்தார். கி.மு. 7இல் அலெக்சாண்டர், அரிஸ்தொபூலஸ் என்ற இரு மகன்களைக் கழுத்தை நெரித்துக் கொல்லச் செய்தார். மூத்த மகன் அந்திபாத்தரைத் தாம் இறப்பதற்கு ஐந்து நாட்களுக்கு முன் கொன்றார். உயில் திரும்பத் திரும்ப மாறியது. கடைசி உயிலும் அகஸ்டஸ் ஒப்பினால்தான் செல்லும்.

ஏரோது இறந்த ஆண்டு ஏன் முக்கியம்? இயேசு ‘ஏரோது ராஜாவின் நாட்களில்’ பிறந்தார் என்கிறது மத்தேயு சுவிசேஷம். ஆகவே ஏரோது இறந்த ஆண்டு, இயேசு பிறப்பின் பின் எல்லையாகிறது. அந்த ஆண்டு கி.மு. 4 என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்வதற்கான காரணங்கள் இவை:

1. ரோம் தம்மை மன்னராக அறிவித்ததிலிருந்து 37 ஆண்டுகளும், எதிரி அந்திகோனஸ் இறந்ததிலிருந்து 34 ஆண்டுகளும் ஏரோது ஆண்டதாக யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். தொடக்க ஆண்டையும் சேர்த்து எண்ணினால் இரண்டும் கி.மு. 4இல் முடிகின்றன.

2. அவர் இறப்பதற்குச் சற்று முன் சந்திர கிரகணம் நிகழ்ந்ததாகவும், அவர் இறந்தபின் பஸ்கா பண்டிகை வந்ததாகவும் ஜோசிபஸ் சொல்கிறார். கி.மு. 4 மார்ச் 13இல் அங்கே காணக்கூடிய கிரகணம் ஒன்று நிகழ்ந்தது.

3. அவருடைய மகன் பிலிப்பு 37 ஆண்டுகள் ஆண்டபின், பின்னாளில் ரோமப் பேரரசரான திபேரியஸ் ஆட்சியின் இருபதாம் ஆண்டில் இறந்தார். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினாலும் கி.மு. 4 வருகிறது.

கி.மு. 1இல் நிகழ்ந்த வேறொரு கிரகணத்தை வைத்து ஏரோது அந்த ஆண்டில் இறந்தார் என்று வாதிடும் சிறுபான்மையினரும் உண்டு. மூன்றாவது சான்றுக்கு அவர்கள் தரும் விளக்கம் வலுவாக இல்லை.

லூக்கா சுவிசேஷமோ சிரேனியு சிரியாவின் தேசாதிபதியாக இருந்தபோது நடந்த குடிமதிப்பை, அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றிச் சொல்கிறது. வரலாற்றில் உறுதியாகத் தெரிந்த சிரேனியுவின் குடிமதிப்பு கி.பி. 6இல் நடந்தது. மத்தேயுவின் குறிப்புக்கும் லூக்காவின் குறிப்புக்கும் இடையில் இவ்வாறு பத்தாண்டு இடைவெளி விழுகிறது. இதை இணைக்கச் செய்யப்பட்ட முயற்சிகள் பல. ஒன்றும் எல்லாராலும் ஏற்கப்படவில்லை. கி.மு. 6க்கும் கி.மு. 4க்கும் இடையில் என்று நூல்கள் பொதுவாக எழுதுவது மத்தேயுவின் குறிப்பையும் ஏரோதின் இறப்பையும் அடிப்படையாகக் கொண்டதுதான். கேள்வி கேட்டவருக்கான விடை இதுவே: பிறப்பு கோட்டைத் தாண்டிப் போகவில்லை, ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த கணக்கர் கோட்டைச் சில ஆண்டுகள் தள்ளிப் போட்டுவிட்டார்.

ஏரோது இறந்ததும் கலகம் வெடித்தது. சிரியாவின் ஆளுநர் வாருஸ் படையோடு வந்து, ஜோசிபஸ் தரும் கணக்கின்படி இரண்டாயிரம் பேரைச் சிலுவையில் அறைந்தார். நாடு மூன்று மகன்களுக்குப் பங்கிடப்பட்டது. யூதேயாவைப் பெற்ற அர்கெலாயு கி.பி. 6இல் பதவி பறிக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டதும் யூதேயா நேரடி ரோம ஆட்சிக்குள் போனது. மேலே சொன்ன குடிமதிப்பு அதற்காக எடுக்கப்பட்டதே. பின்னாளில் பொந்தியு பிலாத்து அங்கே ஆளுநராக அமர்ந்ததற்கும் இந்த வாரிசுச் சிக்கலே வழிவிட்டது.

பார்த்தியா: அனுப்பப்பட்ட மகன்கள்

ரோமுக்கு நிகரான ஒரே அயல்வல்லரசு, இன்றைய ஈரானையும் ஈராக்கையும் ஆண்ட பார்த்தியா. அங்கே அர்சாசிய அரச குலத்தில் பிறந்த எவரும் அரசுக்கு உரிமை கோரலாம். ஆகவே ரோமுக்கு நேர்மாறான நோய்: வாரிசுகள் மிகுதி.

நான்காம் பிராட்டீஸ் என்ற மன்னருக்கு அகஸ்டஸ் அனுப்பிய பரிசுகளில் மூசா என்ற இத்தாலிய அடிமைப் பெண்ணும் ஒருத்தி. அவள் மன்னரின் அன்பைப் பெற்று அரசியாக உயர்ந்தாள். தன் மகனுக்கு வழி திறக்க வேண்டும் என்பதற்காக, மற்ற நான்கு மகன்களை ரோமுக்கு அனுப்பிவைக்கும்படி கி.மு. 10ஐ ஒட்டி மன்னரை இணங்கவைத்தாள் என்று ஜோசிபஸ் எழுதுகிறார். கி.மு. 2இல் மூசாவும் மகனும் மன்னரை நஞ்சிட்டுக் கொன்றார்கள். ஐந்தாம் பிராட்டீஸ் என்ற பெயரில் ஆண்ட மகனின் நாணயங்களில் ஒரு பக்கம் அவன் தலையும் மறுபக்கம் மூசாவின் தலையும் உள்ளன.

அவர்கள் சில ஆண்டுகளில் விரட்டப்பட்டார்கள். பின்னர் பார்த்தியப் பிரபுக்களே ரோமில் வளர்ந்த மகன்களில் ஒருவரான வொனோனஸை அழைத்து மன்னராக்கினார்கள். வேட்டையில் நாட்டமில்லாமல், பல்லக்கில் ஊர்போகும் அவரைக் கண்டு, இவர் நம்மவரில்லை என்று சலித்து அவரையும் விரட்டினார்கள்.

ஹான் சீனம்: மகனில்லாத இரு பேரரசர்கள்

நான்கு அரசுகளிலும் மிக விரிவான ஆவணங்களை விட்டுச்சென்றது ஹான் பேரரசு. கி.பி. 2இல் எடுக்கப்பட்ட அதன் குடிமதிப்பு 1,22,33,062 குடும்பங்களையும் 5,95,94,978 மக்களையும் பதிவு செய்கிறது. அகஸ்டஸ் கி.மு. 8இல் எடுத்த கணக்கு 42,33,000 ரோமக் குடிமக்களைக் காட்டுகிறது. ஆனால் அது குடியுரிமை பெற்றவர்களை மட்டும் குறிப்பதால் இரண்டையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது.

ரோமைப் போலன்றி, ஹானில் அரியணையும் வாரிசு மரபும் ஐயத்துக்கு இடமில்லாதவை. ஓட்டை வேறிடத்தில் இருந்தது. பேரரசர் இளையவராகவோ மகனில்லாதவராகவோ இருந்தால், அதிகாரம் பேரரசித் தாயின் பிறந்த வீட்டாருக்குப் போய்விடும். கி.மு. 7இல் பேரரசர் செங் மகனின்றி இறந்தார். அவர் காலம் முழுவதும் அவருடைய தாய் வாங் செங்ஜுனின் சகோதரர்களும் உறவினர்களுமே தலைமைத் தளபதி பதவியை வகித்துவந்தார்கள். அடுத்து வந்தவர் செங்கின் உடன்பிறந்தார் மகனான பேரரசர் ஆய். அவருடன் அவர் பாட்டியின் குடும்பமும் தாயின் குடும்பமும் உள்ளே வந்தன. வாங் வீட்டாரும், அவர்களில் திறமையாளரான வாங் மாங்கும் ஒதுக்கப்பட்டார்கள்.

ஆயின் தொடக்கம் நம்பிக்கை தந்தது. பெருநிலக்கிழார்களின் வளர்ச்சியைத் தடுக்க கி.மு. 7இல் அமைச்சர்கள் ஒரு வரம்பை முன்வைத்தார்கள். எவரும் 30 சிங்கு, அதாவது ஏறத்தாழ 340 ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கக் கூடாது. அடிமைகளின் எண்ணிக்கை சிற்றரசர்களுக்கு 200, பிரபுக்களுக்கு 100, மற்றவர்களுக்கு 30 என்பது வரம்பு. செய்தி பரவியதும் நிலத்தின் விலையும் அடிமைகளின் விலையும் சரிந்தன. ஆனால் பேரரசரின் சொந்த உறவினர்களுக்கே அது இடைஞ்சலானதால் திட்டம் தள்ளிப்போடப்பட்டு மறைந்தது. பின்னர் ஆய் தம் அன்புக்குரிய இளைஞர் தோங் சியானுக்கு மட்டும் 2,000 சிங்கு நிலம் வழங்கினார். உலகின் பழமையான நில உச்சவரம்புத் திட்டங்களில் ஒன்று இப்படி முடிந்ததை வருத்தத்துடன்தான் எழுத வேண்டியிருக்கிறது. அது நிறைவேறியிருந்தால் அடுத்த முப்பதாண்டுச் சீன வரலாறு வேறு மாதிரி போயிருக்கக்கூடும்.

மக்களின் மனநிலையைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று கி.மு. 3இல் நடந்தது. வறட்சிக் காலம். வைக்கோல் தண்டையோ சணல் தண்டையோ கையில் ஏந்தி, மேற்கின் அரசியன்னை என்ற தெய்வத்தின் ஆணைச்சீட்டு என்று சொல்லி ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றியபடி மக்கள் சாலைகளில் ஓடத் தொடங்கினார்கள். தலைவிரி கோலத்தில் வெறுங்காலோடு ஓடியவர்கள், இரவில் வாயில்களை உடைத்தும் சுவர் ஏறிக் குதித்தும் போனவர்கள், அஞ்சல் குதிரைகளில் விரைந்தவர்கள் என்று இருபத்தாறு மாவட்டங்களையும் சிற்றரசுகளையும் கடந்து தலைநகர் சாங்ஆனை அடைந்தார்கள். தெருக்களில் கூடி ஆடிப் பாடினார்கள். அவர்கள் கைமாற்றிய ஓலையில், ‘இதை அணிந்தவர் சாகமாட்டார், நம்பாதவர் கதவின் குடுமிக்குக் கீழே பார்க்கட்டும், அங்கே வெள்ளை மயிர் இருக்கும்’ என்று எழுதியிருந்தது. இலையுதிர் காலத்தில் எல்லாம் ஓய்ந்தது. வரியாலும் வறட்சியாலும் நலிந்தவர்கள் அரண்மனையை விட்டுவிட்டு வேறோர் அன்னையிடம் முறையிட்டார்கள் என்று இதை வாசிக்கலாம்.

தோங் சியான் இருபத்திரண்டு வயதில் தலைமைத் தளபதியாக்கப்பட்டார். ஒரு விருந்தில் ஆய், பழங்காலத்து யாவ் மன்னர் ஷுனுக்கு அரசைக் கொடுத்ததுபோல் தாமும் தோங் சியானுக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். அருகிலிருந்த அதிகாரி ஒருவர், இந்த நாடு முன்னோரான காவ் பேரரசருடையது, தங்கள் உடைமையன்று என்று எதிர்த்தார், விருந்திலிருந்து வெளியேற்றப்பட்டார். வாரிசுரிமை என்பது ஆள்பவரின் சொத்துரிமையா, குலத்துக்குரிய பொறுப்பா என்ற வாதத்தை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன வேறொரு தருணம் அந்தப் பத்தாண்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

கி.மு. 1இல் ஆய் மகனின்றி இறந்தார். வயது எழுபதைத் தொட்ட வாங் செங்ஜுன் அன்றே அரண்மனைக்குச் சென்று அரச முத்திரைகளைக் கைப்பற்றினார். வாங் மாங்கை அழைத்தார். தோங் சியான் தற்கொலை செய்துகொண்டார். சிறுவன் ஒருவன் பேரரசர் பிங் என்று அரியணையில் அமர்த்தப்பட்டான். ஆட்சி வாங் மாங் கையில். கி.பி. 9இல் அவர் ஹான் குலத்தை விலக்கி, சின் என்ற புதிய அரச குலத்தை அறிவித்தார். கி.மு. 7இல் கைவிடப்பட்ட நிலத் திட்டத்தை மேலும் கடுமையாக்கி நடத்தப் பார்த்தார், தோற்றார், கி.பி. 23இல் கலகக்காரர்களால் கொல்லப்பட்டார்.

இதே ஆண்டுகளின் சீனக் குறிப்புகளில் வேறிரண்டு செய்திகளும் உள்ளன. கி.மு. 5இல் எழுபது நாட்களுக்கு மேல் தெரிந்த ‘துடைப்ப விண்மீன்’ ஒன்றை ஹான் வரலாறு பதிவு செய்கிறது. பெத்லகேம் விண்மீனைத் தேடும் வானியலாளர்கள் இதையும், கி.மு. 7இல் வியாழனும் சனியும் மும்முறை நெருங்கி வந்ததையும் எடுத்துக்காட்டுவார்கள். கி.மு. 2இல் நடு ஆசியாவின் யுவேழி மக்களின் தூதர் ஒருவர் சீன அறிஞர் ஒருவருக்குப் பௌத்த சூத்திரங்களை வாய்மொழியாகச் சொன்னார் என்ற பிற்காலக் குறிப்பு, சீனத்துக்குள் பௌத்தம் நுழைந்ததைப் பற்றிய பழைய தடயங்களுள் ஒன்று.

நாணயத்தில் நின்ற இரு இளைஞர்கள்

ரோமின் வாரிசுத் திட்டம் தமிழ் நிலத்தோடு தொடர்புகொள்வது ஒரு வெள்ளி நாணயத்தில்தான். எகிப்து கி.மு. 30இல் ரோமின் கைக்கு வந்தபின் செங்கடல் வழி வணிகம் பெருகியது. எகிப்தின் செங்கடல் கரையிலிருந்த மியோஸ் ஹோர்மோஸ் துறையிலிருந்து 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குப் போவதை அறிந்ததாக ஸ்ட்ராபோ என்ற புவியியலாளர் எழுதுகிறார். தென்மேற்குப் பருவக்காற்றில் வந்த கப்பல்கள் முசிறியில் மிளகை ஏற்றிக்கொண்டு, காற்று திரும்பியபின் மேற்கே போயின. பாண்டியன் என்ற மன்னரின் தூது அகஸ்டஸிடம் வந்ததையும் ஸ்ட்ராபோ குறிப்பிடுகிறார். இந்தியத் தூதுவர்களை அந்தியோக்கியாவில் நேரில் கண்டு எழுதிய டமாஸ்கஸ் நிக்கோலஸ்தான் ஏரோதின் அரசவை ஆலோசகர். ஏரோது இறந்தபின் அர்கெலாயுவுக்காக ரோமில் அகஸ்டஸ் முன் வாதாடியவரும் அவரே.

கி.மு. 2 முதல் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் அகஸ்டஸ் ஒரு புதிய வெள்ளி நாணயத்தை அச்சிடச் செய்தார். முன்பக்கம் அவர் தலை. சுற்றிலும் ‘நாட்டின் தந்தை’ என்ற, அந்த ஆண்டு கிடைத்த பட்டம். பின்பக்கம் காயுஸும் லூசியஸும் மேலங்கி அணிந்து எதிரெதிரே நிற்கிறார்கள். இடையில் இரு கேடயங்களும் ஈட்டிகளும். மேலே பூசைக்குரிய கரண்டியும் வளைந்த கோலும். ‘எனக்குப் பின் இவர்கள்’ என்று எழுதாமல் எழுதிய அறிவிப்பு அது.

லூசியஸ் கி.பி. 2இல் மார்செய் நகரில் நோயால் இறந்தார். கிழக்கே அனுப்பப்பட்டு, யூப்ரடீஸ் ஆற்றின் நடுத்தீவில் மூசாவின் மகனோடு அமைதி பேசிய காயுஸ், ஆர்மீனியாவில் பட்ட காயத்தால் கி.பி. 4இல் இறந்தார். அதே ஆண்டு அகஸ்டஸ் திபேரியஸைத் தத்தெடுத்தார். பத்தாண்டுகளுக்குப் பின் பேரரசரானவர் ரோட்ஸ் தீவுக்கு ஒதுங்கிப்போன அதே திபேரியஸ்.

அவ்விருவரும் இறந்த பின்னும் அவர்கள் உருவம் பொறித்த நாணயங்கள் கடல் கடந்து வந்துகொண்டே இருந்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொடுமணல், படியூர் பக்கம் மணிக்கற்கள் தேடிப்போன வணிகப் பாதையில், கோவை வட்டாரத்தில் கிடைத்த ரோம வெள்ளிப் புதையல்களில் இந்த வகையும் திபேரியஸின் ஒரு வகையும்தான் மிகுதி. இங்கே அவற்றைப் பெற்றவர்களுக்கு வேண்டியிருந்தது வெள்ளியின் எடையும் தூய்மையும். கி.பி. 64இல் நீரோ வெள்ளி நாணயத்தின் எடையையும் தரத்தையும் குறைத்தபின் அச்சான காசுகள் நம் புதையல்களில் அரிதாகவே கிடைக்கின்றன; காயுஸும் லூசியஸும் நிற்கும் பழைய காசுகளே பானைகளில் நிறைந்திருக்கின்றன.